பம்ப் பாட்டிலும் ரீஃபில் பாக்கெட்டும்: வீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும்

மளிகைக் கடையின் சோப்பு அலமாரியில் ஒரு காலத்தில் குளியல் சோப்பு, துணி சோப்பு என்ற இரண்டு வகைதான் இருந்தன. கை கழுவுவதற்கென்று தனியாக யாரும் சரக்குக் கேட்டதில்லை. குளித்துத் தேய்ந்த சோப்புத் துண்டுதான் கொல்லைப்புறக் குழாயடிக்குப் போகும். இன்று நிலைமை அப்படி இல்லை. 2020-இல் கொரோனா வந்தபோது ஹேண்ட்வாஷ் பாட்டிலைக் கண்ணால் பார்த்திராத வீடுகளும் அதை வாங்கத் தொடங்கின. அந்தப் பழக்கம் பல வீடுகளில் அப்படியே நின்றுவிட்டது. சிற்றூர்க் கடைகளிலும் இரண்டு மூன்று கம்பெனிகளின் பாட்டில்களும் பாக்கெட்டுகளும் தொங்குகின்றன.

சரக்கு வந்ததோடு கேள்விகளும் வந்துவிட்டன. "பாட்டில் எதற்கு, பாக்கெட் வாங்கி ஊற்றிக்கொண்டால் போதாதா?" என்று ஒருவர் கேட்கிறார். "தண்ணீர் கலந்தால் இரண்டு மாதம் வருமா?" என்கிறார் இன்னொருவர். "கேனிலிருந்து லூசில் அளந்து கொடுப்பீர்களா?" என்பது மூன்றாமவர் கேள்வி. முதல் கேள்விக்குத் தாராளமாக ஆம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவதில் நம் கடையின் பெயரே அடங்கியிருக்கிறது. ஆகவே மூன்றையும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

விலை எதற்கு?

பாட்டில் வாங்கும்போது வாடிக்கையாளர் கொடுக்கும் பணத்தில் பெரும் பகுதி உள்ளே இருக்கும் சோப்புக்கு அல்ல. பாட்டிலுக்கும் அதன் தலையில் இருக்கும் பம்புக்கும்தான். சுருள்கம்பி, சிறு குண்டு, குழாய், மூடி என்று பல உறுப்புகளைச் சேர்த்துச் செய்யும் சாமான் அது. பம்பின் மதிப்பை வணிக உலகம் ஒருமுறை நன்றாகவே பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் மின்னடோங்கா என்ற சிறிய கம்பெனி 1980-இல் 'சாஃப்ட்சோப்' என்ற திரவ சோப்பை நாடு முழுவதும் இறக்கியது. திரவ சோப்பு புதிய கண்டுபிடிப்பு அல்ல. அதற்கு 1865-லேயே அங்கே காப்புரிமை கொடுத்திருந்தார்கள். எனவே பெரிய கம்பெனிகள் நாளைக்கே அதே சரக்கைப் போட்டு நம்மை விழுங்கிவிடும் என்பது அந்தக் கம்பெனியின் தலைவர் ராபர்ட் டெய்லருக்குத் தெரியும். அவர் சோப்பை விட்டுவிட்டுப் பம்பைப் பிடித்தார். அத்தகைய பம்புகளைச் செய்து தரக்கூடியவர்கள் அப்போது இரண்டு பேர்தான். இருவரிடமும் சேர்த்து 10 கோடி பம்புகளுக்கு, 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். கம்பெனியின் மொத்த மதிப்பைவிடப் பெரிய தொகை அது. பெரியவர்கள் சோப்போடு தயாராக வந்தபோது பம்பு கிடைக்கவில்லை. அதற்குள் சந்தை டெய்லர் கைக்கு வந்துவிட்டது. கடைசியில் 1987-இல் கோல்கேட்-பாமாலிவ் கம்பெனி அந்தச் சரக்கை விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. துணிச்சல்தான், நம் ஊர் வங்கி மேலாளர் இதற்குக் கடன் கொடுத்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

ரீஃபில் பாக்கெட்டில் அந்தப் பம்பு இல்லை. அதனால்தான் விலை இறங்குகிறது. கணக்குக்காக 200 மில்லி பம்ப் பாட்டில் 90 ரூபாய் என்றும், 675 மில்லி பாக்கெட் 108 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பாட்டிலில் ஒரு மில்லி 45 காசு. பாக்கெட்டில் 16 காசு. பம்பை ஒருமுறை முழுதாக அழுத்தினால் பொதுவாக 1 முதல் 2 மில்லி வரை வரும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஐந்து முறை கை கழுவினால் நாளுக்கு 20 அழுத்து. ஒன்றரை மில்லி வீதம் 30 மில்லி. மாதத்துக்கு 900 மில்லி. இதைப் பாட்டிலாகவே வாங்கினால் 405 ரூபாய். பாக்கெட் வாங்கி ஊற்றினால் 144 ரூபாய். மாதம் 261 ரூபாய் மிச்சம். உங்கள் கடையில் இருக்கும் சரக்கின் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். தொகை மாறலாம், திசை மாறாது.

கணக்குப் போடச் சிரமப்படவும் வேண்டாம். 2022-இல் நடைமுறைக்கு வந்த பாக்கெட் சரக்கு விதித் திருத்தத்தின்படி எம்.ஆர்.பி.-யோடு அலகு விலையும் அச்சிட வேண்டும். ஒரு லிட்டருக்குக் குறைந்த சரக்கில் மில்லிக்கு இவ்வளவு என்றும், அதற்கு மேற்பட்டதில் லிட்டருக்கு இவ்வளவு என்றும் இருக்கும். எழுத்து பொடியாக இருப்பதால் வாடிக்கையாளர் கண்ணில் படுவதில்லை. பாட்டிலையும் பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து அந்த இரண்டு எண்களையும் காட்டினால் வேறு விளக்கமே தேவையில்லை. பெரிய பாக்கெட்டில் லிட்டர் விலை போட்டிருந்தால் அதை ஆயிரத்தால் வகுத்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பெரிய எண்ணைப் பார்த்து "இது விலை அதிகம்" என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பெரிய பாக்கெட் எப்போதுமே மலிவு என்று நாமும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. ஸ்கீம் ஓடும் நாட்களில் சிறிய பாக்கெட் மலிவாக விழுவதும் உண்டு.

சிக்கனம் மட்டுமே நோக்கம் என்றால் கட்டி சோப்பையும் மறந்துவிடக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் கட்டி சோப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. திரவ சோப்புக்கு அந்தச் சலுகை தரப்படவில்லை. அது 18 சதவீதத்திலேயே வைக்கப்பட்டது. இரண்டையும் ஒரே வரியில் பில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பில்லிங் மெஷினில் "சோப்பு" என்று ஒரே தலைப்பில் போட்டு வைத்திருப்பவர்கள் இன்றே பிரித்துவிடுவது நல்லது.

தண்ணீர் கலந்தால் என்ன ஆகிறது?

இனி இரண்டாவது கேள்வி. மிச்சம் பிடிக்கும் ஆசையில் பெரும்பாலான வீடுகளிலும், டீக்கடை, மெஸ் போன்ற இடங்களிலும் செய்யும் வேலை இது: பாட்டில் பாதியானதும் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்துக் குலுக்கிவிடுவது. அப்படிச் செய்யும்போது உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.

கடையில் விற்கும் ஹேண்ட்வாஷில் பெரும்பகுதி தண்ணீர்தான். அழுக்கு நீக்கும் நுரைப்பொருள், வாசனை, நிறம், கெடாமல் காக்கும் மருந்து ஆகியவை மீதி. கெட்டியாக இருப்பதற்குப் பல சரக்குகளில் சேர்ப்பது சாதாரண உப்பு. கொஞ்சம் உப்பு சேர்த்தால் திரவம் கெட்டிப்படும். அளவு மீறினால் மறுபடி நீர்த்துப் போகும். ஆக, கெட்டியாக இருப்பதால் மட்டும் சரக்கு காரமானது என்று சொல்லிவிட முடியாது. மொத்த வியாபாரிகள் கேனில் கொள்முதல் செய்யும்போது விரலில் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்லும் வழக்கம் இந்தச் சரக்குக்குப் பொருந்தாது. நுரைப்பொருள் எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேட்டு வாங்குவதுதான் முறை.

தண்ணீர் கலந்தவுடன் கெட்டித்தன்மை சட்டென்று இறங்கிவிடும். இறங்கிய திரவம் கையில் நிற்காமல் ஓடிவிடுவதால் ஒரு அழுத்துக்குப் பதில் இரண்டு மூன்று அழுத்து அழுத்துவார்கள். மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடுகிறது. அதைவிட முக்கியமானது, கெடாமல் காக்கும் மருந்தும் நீர்த்துப் போவது. அது கம்பெனி அளந்து போட்டது. பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றினால் அதன் பலமும் பாதியாகிவிடும். தொட்டித் தண்ணீரில் உள்ள கிருமிகளுக்கு அது போதும். சோப்பில் கிருமி வளராது என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். வளர்வது உண்மை. அமெரிக்காவில் ஒரு தொடக்கப் பள்ளியில், மேலே திறந்து கேனிலிருந்து ஊற்றி நிரப்பும் 14 சோப்புப் பெட்டிகளை ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். பதினான்கிலும் கிருமி இருந்தது. அதில் கை கழுவிய மாணவர்கள், ஊழியர்களின் கைகளில் கிராம்-நெகடிவ் என்ற வகைக் கிருமிகள் கழுவுவதற்கு முன் இருந்ததைப்போல் 26 மடங்கு ஆகியிருந்தன. மூடி முத்திரையிட்ட பையில் வரும் சோப்பால் கழுவியபோது அவை பாதியாகக் குறைந்தன. கழுவாமல் இருந்தவர் கை கழுவியவர் கையைவிடச் சுத்தம் என்றால் அந்த சோப்புக்குக் கொடுத்த காசு எதற்கு?

பள்ளிச் சோப்புப் பெட்டியும் வீட்டுப் பாட்டிலும் ஒன்றல்ல. வீட்டில் நாலு பேர் கை. பாட்டிலும் சின்னது, சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனாலும் மீதி இருக்கும் சோப்பின் மேலேயே புதியதை ஊற்றும் பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2002-இல் மருத்துவமனைகளுக்குத் தந்த வழிகாட்டியிலேயே, பாதி காலியான பெட்டியில் சோப்பை ஊற்றி நிரப்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அடியில் தங்கிய பழையது புதியதையும் கெடுத்துவிடும் என்பதே காரணம். ஊறுகாய் ஜாடியை ஒட்டக் காலி செய்து, கழுவி, வெயிலில் காயவைத்த பிறகுதான் புது ஊறுகாய் போடும் வழக்கம் நம் வீடுகளில் இல்லையா? பாட்டிலுக்கும் அதே முறைதான். காலியானதும் வெந்நீர் விட்டுக் குலுக்கி, பம்பை அழுத்தி அழுத்திக் குழாயினுள்ளும் வெந்நீரை ஓடவிட்டு, கவிழ்த்து நன்றாகக் காயவைத்து, பிறகு பாக்கெட்டை வெட்டி ஊற்ற வேண்டும். பாக்கெட்டில் மீதி இருந்தால் வாயை மடித்து கிளிப் போட்டு நிமிர்த்தி வைக்கலாம். பம்பு அடைத்துக்கொண்டு "பாட்டில் போச்சு" என்று சொல்பவர்களுக்கும் இந்த வெந்நீர் வைத்தியம் பெரும்பாலும் பலிக்கும்.

தண்ணீர் கலக்கலாம் என்று கம்பெனியே சொல்லும் சரக்கு வேறு. நுரையாகவே வெளியே வரும் பம்பு ஒன்று இருக்கிறது. அதனுள் சிறு வலை இருக்கும்; காற்றும் திரவமும் அதன் வழியே சேர்ந்து வரும்போது நுரையாகிவிடும். அதற்கு நீர்த்த சோப்புதான் தேவை. கெட்டி சோப்பை அதில் ஊற்றினால் வலை அடைத்துக்கொள்ளும். வீட்டில் இருக்கும் ஹேண்ட்வாஷை அதற்குப் பயன்படுத்த விரும்புபவர்கள் ஒரு பங்கு சோப்புக்கு மூன்று நான்கு பங்கு காய்ச்சி ஆறிய நீர் சேர்க்கலாம். ஆனால் ஒன்றிரண்டு வாரத்தில் தீரும் அளவு மட்டும் கலக்க வேண்டும். காப்பு மருந்து நீர்த்துப் போகும் என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். இன்னொன்று தூள் பாக்கெட். கோத்ரெஜ் கம்பெனி 2018-இல் 9 கிராம் தூளைப் பாட்டிலில் போட்டு 200 மில்லி தண்ணீர் ஊற்றிக் கலக்கும் சரக்கை 15 ரூபாய்க்கு இறக்கியது. அந்தத் தூள் இத்தனை தண்ணீருக்கு என்று கணக்கிட்டே செய்தது. ஆகவே அதில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ப்பதும் தவறு. கடைக்காரர் பார்வையில் தூள் பாக்கெட்டில் ஒரு வசதி உண்டு: ஒழுகாது, இடத்தை அடைக்காது, ஒரு சரத்தில் தொங்கவிடலாம்.

குளியல் சோப்பைத் துருவி வெந்நீரில் கரைத்து ஹேண்ட்வாஷ் செய்யும் வீடுகளும் இருக்கின்றன. சூடாக இருக்கும்போது அழகாக இருக்கும்; ஆறியதும் கூழ்போல் உறைந்து பம்பை அடைத்துவிடும். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் சோப்பு திரிந்து தனித்தனியாகப் பிரியும். அவர்களிடம் அந்தக் கட்டி சோப்பை அப்படியே பயன்படுத்தச் சொல்லிவிடலாம்.

உண்மையாகவே செலவைக் குறைக்க ஒரு எளிய வழி உண்டு. பம்பின் கழுத்தில் இரண்டு மூன்று சுற்று ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் பம்பு பாதி ஆழம்தான் இறங்கும். முக்கால் மில்லி சோப்பு ஒரு கை கழுவலுக்குத் தாராளம். மேலே சொன்ன கணக்கில் மாதம் 144 ரூபாய் 72 ரூபாயாகிவிடும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது மிகவும் பயன்படும். இதைச் சொன்னால் நம் விற்பனை குறையாதா என்று சிலர் கேட்கலாம். பாட்டிலாகவே வாங்கி மாதம் 400 ரூபாய் செலவு செய்யும் வீடு எத்தனை நாள் அப்படியே வாங்கும்? ஒன்று நிறுத்திவிடும், இல்லையென்றால் பெரிய கடையிலோ ஆன்லைனிலோ பெரிய பாக்கெட்டை வரவழைத்துக்கொள்ளும். நம்மிடம் மாதம் ஒரு பாக்கெட் வாங்கும் வீடு பருப்பும் எண்ணெயும் சேர்த்தே வாங்குகிறது.

லூஸ் விற்பனை

இனி மூன்றாவது கேள்வி. நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டியது. 5 லிட்டர் கேனாக வாங்கி அதை மெஸ், ஓட்டல், பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கு அப்படியே முத்திரையோடு விற்பதில் எந்தச் சங்கடமும் இல்லை. கேனில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், ஆண்டு, எம்.ஆர்.பி. ஆகியவை இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயரில்லாத கேன் மலிவாக வருகிறதென்று வாங்கி வைத்தால் ஆய்வு வரும்போது கேள்வி கேனைக் கொண்டுவந்த ஆளிடம் போகாது; நம்மிடம்தான் வரும். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்தில் அளந்து ஊற்றுவதானால் அளவை முத்திரையிடப்பட்டதாக இருக்க வேண்டும். டீ டம்ளரால் அளப்பது கூடாது.

கேன் சரக்கைச் சொந்தப் பெயரில் பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டி விற்பது தயாரிப்பாளர் செய்யும் வேலை. ஹேண்ட்வாஷ் அழகுசாதனப் பொருள் வகையில் வருகிறது. விற்பனைக்காகத் தயாரிப்பவர் 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படியும் லைசென்ஸ் பெற வேண்டும். பழைய பாட்டில் வாங்கும் ஆட்களிடமிருந்து பிரபல கம்பெனிகளின் காலி பாட்டில்களைச் சேகரித்து, கேன் சோப்பை ஊற்றி, அதே பெயரில் விற்பது அதைவிடப் பெரிய குற்றம். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி இதற்குக் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஊற்றியவருக்கு மட்டும் அல்ல, தெரிந்து விற்றவருக்கும் இதே தண்டனை உண்டு. வழக்கமான ஏஜென்சி அல்லாத ஒருவர் பாட்டில் சரக்கை வழக்கத்துக்கு மாறாகக் குறைந்த விலையில், பில் இல்லாமல் கொண்டுவந்தால் மூடி சீலையும் பேட்ச் எண்ணையும் பாருங்கள். பில் கேளுங்கள். பில் இல்லை என்றால் சரக்கு வேண்டாம்.

கடையில் செய்ய வேண்டியவை

பாட்டிலும் பாக்கெட்டும் சேர்ந்த காம்போவைப் பிரித்து, பாக்கெட்டைத் தனியாக விற்கும் பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. "தனியாக விற்பனைக்கு அல்ல" என்று போட்டிருந்தால் அப்படிச் செய்யக் கூடாது. பாக்கெட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக உயரமாக அடுக்கினால் அடியில் உள்ளது சீம்பல் விட்டு ஒழுகும். அட்டைப் பெட்டியிலோ தட்டிலோ நிமிர்த்தி வைப்பது பாதுகாப்பு. டீத்தூள், மாவு, அரிசி இவற்றுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. அந்த வாசனை டீத்தூளில் ஏறிவிட்டால் நஷ்டம் பாக்கெட் விலையோடு நிற்காது. ஒழுகியதைக் குப்பையில் போட்டுவிடாமல் எடுத்து வைத்தால்தான் சேல்ஸ்மேன் வரும்போது மாற்றிக் கேட்க முடியும்.

புதிதாக ஒரு சிறு வியாபாரமும் இதில் இருக்கிறது. பாட்டில் நன்றாக இருக்கும், பம்பு மட்டும் உடைந்திருக்கும். அதற்காக முழுப் பாட்டில் வாங்க மனம் வராது. பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடைகளில் காலி பம்ப் பாட்டிலும் தனிப் பம்பும் கிடைக்கின்றன. 24 மில்லிமீட்டர், 28 மில்லிமீட்டர் கழுத்து அளவுகள் பரவலாக உள்ளவை. பத்துப் பத்து வாங்கி வைத்து, எந்தக் கம்பெனிப் பாட்டிலுக்கு எது பொருந்துகிறது என்று ஒருமுறை திருகிப் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டால், பாக்கெட் வாங்க வருபவர் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கலாம். எந்தப் பெயரும் அச்சிடாத காலி பாட்டிலாக இருக்கட்டும்.